விளக்குத் தேய்க்கும் வேலை

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசியில் எங்கள் வீட்டுக்கும் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். போன ஆனியில் மதுரையிலிருந்து என் தங்கை குடும்பம் வந்திருந்தது. ஐந்தருவிக்குக் கிளம்பிய அவர்களுக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்துவிட்டு, என் மனைவி பாத்திரங்களோடு புறவாசலுக்குப் போனாள். சாரலில் ஊறிய சிமெண்டுத் தரையில் பாசி படர்ந்திருந்தது. வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், கட்டுப் பிரிக்கும்வரை அந்தக் கையால் ஒரு தம்ளரைக்கூடத் தூக்கக்கூடாது என்றார். தங்கை ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். காலையில் குளித்துவிட்டுப் பூஜையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு மணி நேரமாகும். அதனால் தெருவில் எனக்கு ஒரு மரியாதை. சனிக்கிழமை பஜனைக்கு வரும் நண்பர்கள், உங்கள் பூஜை அறையில் உட்கார்ந்தாலே மனசு அடங்கிவிடுகிறது என்பார்கள். அது என் பக்தியின் விசேஷம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வீட்டு வேலை என் கைக்கு வந்த முதல் நாள், பால் காய்ச்சி, குக்கர் வைத்து, பாத்திரம் கழுவி நிமிர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவசரமாகப் பூஜை அறைக்குப் போனேன். விளக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. திரி கருகிக் கிடந்தது. பூ பறிக்கவில்லை. கட்டிக்கொள்ள மடி வேட்டி இல்லை. இதையெல்லாம் யார் செய்வது என்று எனக்குள் எரிச்சல் மூண்டது. யார் செய்துகொண்டிருந்தது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அவள் அடுத்த அறையில் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

புளி போட்டு விளக்கைத் தேய்க்க உட்கார்ந்தேன். தண்டின் வளையங்களுக்குள் இறுகியிருந்த கரி லேசில் வரவில்லை. நகக்கண்ணெல்லாம் கறுத்தது. இந்த விளக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் கொடுத்தாயே என்று கடவுளுக்கு எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறேன். விளக்கைத் துலக்கி வைத்தவளிடம் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவளோ நான் செய்த ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொன்னாள். கோணலாகப் பின்னிய சடையைத் தடவிப் பார்த்து நல்லாத்தான் இருக்கு என்றாள். உப்புக் கரித்த ரசத்தைக்கூடத் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. ஒருநாள் காப்பியை இடது கையில் வாங்கிக்கொண்டு, “கேக்காமலே காப்பி வருது. எவ்வளவு நல்லாருக்கு,” என்றாள். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காப்பி வாங்குகிறவன்.

மெல்ல வேலை பழகியது. ஒரு காலையில் அரிசி களையும்போது வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் சில்லென்றிருந்தது. விரலிடுக்கில் அரிசி நழுவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மனம் வேறெங்கும் போகவில்லை. இந்தச் சோறு, இந்தத் தண்ணீர், உள்ளே தூங்குகிறவள் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணை மூடி உட்கார்ந்து நான் தேடியது இதைத்தான். அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

அந்த வாரம் பஜனை எங்கள் வீட்டில். நண்பர்கள் மனைவிமாரோடு வந்திருந்தார்கள். முடிந்ததும் குழுவில் மூத்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் புகழ்ந்தார். அண்ணாச்சி மனைவிக்குச் செய்கிற சேவையே பெரிய பூஜை, எல்லோரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கை தட்டினார்கள். அவளும் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுப்பு வாய் வரை வந்தது. ஆனால் பேசாமல் கைகூப்பிச் சிரித்தேன்.

அவர்கள் போனபின் தம்ளர்களைக் கழுவப் போனேன். அவள் அடுக்களைக்கு வந்து நின்றாள். இவ்வளவு காலம் நீ செய்ததற்கு எனக்குக் கைதட்டல் விழுந்துவிட்டது, அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

“சொல்லியிருக்கலாம்,” என்றாள். “எனக்காக இல்ல. அங்கன பின்னால பொம்பளையெல்லாம் உக்காந்திருந்தாவல்லா, அவிய காதுல விழுந்திருக்கும்.”

கழுவிய தம்ளரையே மறுபடியும் கழுவினேன். அவமானம் என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை பஜனை வேறொரு வீட்டில். அவளும் வந்திருந்தாள். மங்களம் பாடுவதற்கு முன் எழுந்து நின்றேன். போன வாரம் என்னைப் புகழ்ந்தது தப்பு, என் பூஜையில் பாதிக்கு மேல் என் மனைவி செய்தது, அவளுக்கு நான் நன்றி சொன்னதே கிடையாது, இப்போது சொல்கிறேன் என்றேன். யாரும் கை தட்டவில்லை. ஆண்கள் ஜால்ராவைப் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமிவிட்டு மங்களத்தை ஆரம்பித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து பாட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

திரும்பும்போது தெரு நனைந்து கிடந்தது. அவள் இடது கையால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகப் போங்க, வழுக்குது என்று மட்டும் சொன்னாள்.