மூச்சுப் படாத கல்

பரளச்சியில் எங்கள் பருத்திக்காட்டில் வானத்திலிருந்து விழுந்த கல்லைப் பார்க்க ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா வந்தார். வெட்டிவிட்ட நரைமுடி, கழுத்தில் தொங்கும் லென்ஸ். கல்லருகே குனியும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டார்.

“ஏன் மேடம்?” என்றேன்.

“மூச்சோட ஈரம்கூடப் படக்கூடாது. உடைஞ்ச பக்கம் வெள்ளைப் புள்ளி தெரியுதில்ல? பூமி உண்டாகறதுக்கு முன்னாடியே உண்டானது. அதுல இருக்கிற ஆக்சிஜன் கலவையே வேற. நம்ம மண்ணுல அப்படிக் கிடையாது. ஈரம் பட்டா அந்தக் கலவை கெட்டுப்போயிடும்.”

பக்கத்தில் நின்ற மதினி பெருமையாகச் சொன்னார்: “சாமிக்கல்லுன்னு காலையிலதான் தேய்ச்சுக் குளிப்பாட்டி, ஒரு செம்புப் பாலும் ஊத்துனோம். வெயில்ல காஞ்சிருச்சு.”

அந்த அம்மா மறுபடி கல்லருகே குனிந்தார். இந்தத் தடவை மூச்சை அடக்கவில்லை.