நான் கொன்ற குதிரை

பதினொரு வயதுவரை, ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. பள்ளிக்கூட நோட்டில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் கத்தரிக்கோலை எடுத்து முன்பக்கத்துப் படத்தை வெட்டினால் பின்பக்கத்துக் கதையும் சேர்ந்து போய்விடும் என்கிற ஞானம், வெட்டி முடித்த பிறகுதான் வந்தது. என் ஞானமெல்லாம் இன்றுவரை அந்த வரிசையில்தான் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது என் வீட்டில் அலமாரி கொள்ளாமல் நாவல்கள் கிடக்கின்றன. கட்டிலுக்கடியிலும் அடுக்கி வைத்தாயிற்று. எப்படி வந்தது இந்த வாசிப்புப் பழக்கம் என்று யாராவது கேட்டால், "பயத்துல வந்ததுங்க" என்று சொல்வேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காநல்லூரில் ஒரு மில்லை ஒட்டிய வரிசை வீடுகளில் எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பெரியம்மா பல்லடம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது. நகைப்பெட்டி என்று நினைத்து பெரியப்பா பவ்யமாகத் திறந்து பார்த்தாராம். உள்ளே ஒரு வார இதழில் வந்த சரித்திரத் தொடர்கதை. வாராவாரம் பக்கங்களைக் கத்தரித்து, ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூலையில் நூல் போட்டுத் தைத்து, மொத்தம் அறுபத்திரண்டு அத்தியாயங்கள். வொர்க்‌ஷாப்பில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்த பெரியப்பா அன்றைக்கு மூடிய பெட்டியை மறுபடி திறக்கவே இல்லை.

அந்தக் கோடை விடுமுறையில் பெரியம்மா ஒரு முடிவுக்கு வந்தார். ஓரமெல்லாம் பொரிந்து உதிரத் தொடங்கிவிட்டது, இனி பைண்டிங் செய்யாவிட்டால் தாங்காது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எதிர்வீட்டு அக்கா கதையைப் பாதியில் வைத்திருந்தார். அவருக்கு மில்லில், நூலைக் கூம்புகளில் சுற்றுகிற கோன் வைண்டிங் வேலை. தினம் ஓர் அத்தியாயத்தை வாங்கிச் சாப்பாட்டுப் போசியோடு பையில் வைத்துக்கொண்டு போய், டீ நேரத்தில் தோழிகளுக்கும் சேர்த்து வாய்விட்டுப் படிப்பார். மாலையில் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். அந்த அக்கா முடிக்கட்டும், அதற்குள் மற்றதை வரிசைப்படுத்தி வை என்று பெட்டியின் சாவியைப் பெரியம்மா என்னிடம் கொடுத்தார். பூனையிடம் பால் சொம்பைக் கொடுத்த கதைதான். ஒரே வித்தியாசம், பூனைக்குப் பாலின் அருமை தெரியும்.

எனக்குக் கதை வேண்டாம். குதிரை வேண்டும். நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தின் தலைப்புக்கு மேலே, கதாநாயகனின் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிற மாதிரி ஒரு படம். அதன் பெயர் சூறாவளி என்று கீழே போட்டிருந்தது. அடுத்த வீதிப் பசங்களின் கிரிக்கெட் மட்டையில் பளபளவென்று ஸ்டிக்கர் இருந்தது. எங்கள் மட்டையில் எங்கள் கைரேகை மட்டும்தான் இருந்தது. குதிரையை வெட்டி, மைதா பசை காய்ச்சி, மட்டையில் ஒட்டினேன். முதல் ஆட்டத்தின் மூன்றாவது பந்திலேயே சூறாவளியின் தலை போய்விட்டது. மறுநாள் வால் மட்டும் மிச்சம்.

அதன் பிறகுதான் திரும்பிவந்து, ஓட்டை விழுந்த தாளைப் பார்த்தேன். ஓட்டையின் வழியாகப் பெரியம்மா வீட்டு அடுப்படி நன்றாகத் தெரிந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் மூளை உள்ளவன் மிச்சமிருந்த கதையையாவது பத்திரப்படுத்தியிருப்பான். நான் அத்தியாயம் முழுவதையும் வெந்நீர் அடுப்பில் போட்டேன். தடயம் அழிந்துவிட்ட நிம்மதியில் அந்த வெந்நீரிலேயே குளித்தேன்.

குளித்துத் துவட்டும்போதுதான் எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து, "ஏனுங்கக்கா, முப்பத்தெட்டு முடிஞ்சுதுங்க, முப்பத்தொம்பதைக் குடுங்க" என்று கேட்டது காதில் விழுந்தது. எனக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

வேறு வழி தெரியவில்லை. நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தை நானே எழுதினேன். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப்போகிறது என்று ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. அது ஒரு தடையாகத் தோன்றவும் இல்லை. கதாநாயகன் எல்லைப்புறத்து அரண்மனைக்குப் போகிறான். அரசர் விருந்து வைக்கிறார். பதினெட்டு வகைப் பதார்த்தங்கள், கடைசியில் ஆளுக்கொரு தேங்காய் பன். பிறகு நூறு பேரோடு சண்டை, அரைப் பக்கத்தில். வாக்கியத்துக்கு ஒரு 'ஆஹா' போட்டேன். போட்டால் சரித்திரம் மாதிரி இருந்தது. கடைசியில் அம்பு பாய்ந்து சூறாவளி செத்துப்போகிறது. குதிரையே இல்லை என்றால் குதிரைப் படத்தை யார் தேடப்போகிறார்கள்? பதினொரு வயதுக் குற்றவாளியின் மூளை அவ்வளவுதான் ஓடும்.

நோட்டுத் தாளை நூல் போட்டுத் தைத்துப் பெரியம்மாவிடம் நீட்டினேன்.

"எண்ணெய் கொட்டிப்போச்சுங்க பெரிம்மா. அதான் பாத்து எழுதி வெச்சுட்டேனுங்க."

அவர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். தேங்காய் பன் இடமாக இருக்கலாம். பிறகு மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எழுத்து நல்லா குண்டு குண்டா இருக்குது கண்ணு" என்றார். அவ்வளவுதான். ஓடிப் போய்விட்டேன். அன்று மாலை அதே எண்ணெய்க் கதையைச் சொல்லி எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து எதிர்வீட்டு அக்கா தலையில் பஞ்சோடு நேராகப் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏனுங்கக்கா, உங்குளுக்கு மனசாட்சியே இல்லீங்களா? குதிரை செத்துப்போகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் டீ டைம்ல படிச்சிருப்பனா? அத்தன பேரு முன்னால அழுதுபோட்டேன். சூப்பர்வைசர் ஓடியாந்து, ஏம்மா, ஊட்டுல யாராச்சும் செத்துட்டாங்களான்னு கேக்கறாரு. குதிரைங்கன்னு எப்பிடிங்க சொல்லறது?"

"கதைன்னா சாவு இருக்கத்தான் செய்யும் அம்மணி" என்று பெரியம்மா நாற்பத்திரண்டை எடுத்துக் கொடுத்தார். மூலையில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் முதல் வாசகி அழுதிருக்கிறார்.

அந்தப் பெருமை இருபத்துநான்கு மணி நேரம் நீடித்தது. மறுநாள் மாலை அக்கா வந்தபோது அழுகை இல்லை, சந்தேகம் இருந்தது.

"ஏனுங்கக்கா, நேத்துச் செத்த குதிரை மேல இன்னிக்கு ஏறிப் போறானுங்களே?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பெரியம்மா முறத்திலிருந்து நிமிரவே இல்லை.

"ஒரு வீரனுக்கு ஒரு குதிரைதான் இருக்குமா அம்மணி? உங்க மில்லு மொதலாளிகிட்ட எத்தன காரு நிக்குது?"

"பேரும் அதேதானுங்க போட்டிருக்குது. சூறாவளின்னு."

"செத்ததோட பேரை அடுத்ததுக்கு வெக்கறதுதான். எங்கூர்ல மூணு மாடு மாத்துனோம், மூணுக்கும் லட்சுமின்னுதான் பேரு."

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, நியாயம்தான் என்கிற மாதிரி தலையாட்டினார். உள்ளேயிருந்து பெரியப்பா மட்டும் குரல் கொடுத்தார்: "செத்த குதிரை எந்திரிச்சு வந்துருச்சாமா? என்ற லேத்தும் செத்துக் கெடக்குது, எப்ப எந்திரிக்கும்னு அந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குதான்னு பாரு கண்ணு."

அன்றைக்குத்தான் எனக்கு நிலைமை புரிந்தது. கதையில் இன்னும் இருபது அத்தியாயங்கள் இருக்கின்றன. எங்கெங்கே இந்தக் குதிரை தலையை நீட்டும் என்று தெரியாது. எதிர்வீட்டு அக்காவுக்கு ஓர் அத்தியாயம் முன்னால் நான் படித்தாக வேண்டும். மறுநாள் மதியம் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். வெளியே பசங்கள் மட்டையோடு கூப்பிட்டார்கள். போகவில்லை. மற்றவர்கள் நாவலை ரசிகனாகப் படிக்கத் தொடங்குவார்கள். நான் குற்றவாளியாகத் தொடங்கினேன். 'சூறாவளி' என்று வருகிற இடத்திலெல்லாம், அதற்கு முன்னால் பென்சிலால் 'புது' என்று சின்னதாக எழுதிவைத்தேன். "புது சூறாவளி கனைத்தது." "புது சூறாவளியின் பிடரியை அவன் தடவினான்."

அந்தத் தொகுப்பு இன்று என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால், அந்தப் பென்சில் 'புது' நாற்பத்தெட்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் குதிரை வருகிறது, ஓடுகிறது, ஐம்பத்தேழில் வெள்ளத்தில் நீந்துகிறது. நான் ஓர் இடத்திலும் 'புது' போடவில்லை. மறந்துவிட்டேன். பென்சில் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. வெள்ளத்தில் அது கரை சேருமா சேராதா என்று, என் கையால் கொன்ற குதிரைக்காக நானே வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரையேறியபோது அழுதேன். நல்லவேளை, கேட்பதற்குச் சூப்பர்வைசர் யாரும் இல்லை.

அறுபத்திரண்டை முடித்ததும் முதலுக்குத் திரும்பி நாற்பது வரைக்கும் படித்தேன். இப்போது உலகத்தில் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உண்மையான நாற்பத்தொன்றில் என்ன நடந்தது? யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் மாட்டிக்கொள்வேன். வெந்நீர் அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

எதிர்வீட்டு அக்கா முடித்ததும் கட்டைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவும் நானும் டவுனுக்குப் பஸ் ஏறினோம். கடையில் பைண்டர் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"நடுவுல நோட்டுப் பேப்பரு கெடக்குதுங்க. எடுத்துப்போடட்டுங்களா?"

"இருக்கட்டுங்க. அதுவும் கதைதானுங்க" என்றார் பெரியம்மா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது. பாவம் பெரியம்மா, கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை என்று நினைத்தேன். பைண்டர் ஓரம் வெட்டியதில் என் அத்தியாயத்தில் மட்டும் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்து போய்விட்டது. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

அந்தப் பக்கங்களை வாராவாரம் கத்தரித்தவர் யார், கத்தரிக்கும் முன் படித்தவர் யார், பல்லடத்தில் அடுத்த இதழ் வரும்வரை ஒரு வாரம் தவித்தவர் யார் என்று எனக்குத் தோன்றப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது. பிரஷ்ஷை அப்படியே வைத்துவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். "பெரிம்மா, அந்தக் குதிரை..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தக் குதிரை கண்ணு? மொதல்ல வாயைக் கொப்புளிச்சுட்டு வா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. அடுத்த வாரம் அந்தத் தொகுப்பைப் பழைய துண்டில் சுற்றி என் அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஒரு நாவல் காலத்தைத் தாண்டி நிற்பதற்கு என்ன லட்சணம் வேண்டும் என்று படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். என் கணக்கு சின்னது. நடுவில் ஒரு பதினொரு வயதுப் பையன் புகுந்து குதிரையைக் கொன்றாலும், பதினாறு அத்தியாயத்துக்குள் அவனையே அந்தக் குதிரைக்காக அழவைக்கிற நாவல் நிற்கும். நானும் புத்தகங்களை இரவல் கொடுக்கிறேன். பக்கம் மடங்கி வந்தாலே முகம் கோணிவிடுகிறது. பெரியம்மாவிடமிருந்து எனக்கு வந்தது புத்தகம் மட்டும்தான்.

போன வருடம் உக்கடம் பழைய புத்தகக் கடையில் அந்த நாவல் அச்சுப் புத்தகமாகக் கிடைத்தது. கடைக்காரர் முறைக்க முறைக்க, நின்றபடியே நாற்பத்தொன்றைப் புரட்டினேன். சண்டை இல்லை. விருந்து இல்லை. அந்தி நேரத்தில் அவன் ஆற்றங்கரையில் இறங்கி, குதிரையைத் தண்ணீர் குடிக்கவிடுகிறான். குதிரை குடிக்கிறது. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்கு பக்கமும் அதுதான். படித்து முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனேன். ஒன்றுமே நடக்காத நான்கு பக்கங்களை இவ்வளவு அழகாக எழுத முடியும் என்பதும் எனக்கு வழக்கம்போலப் பிறகுதான் தெரியவந்திருக்கிறது.

புத்தகத்தோடு நேராக எதிர்வீட்டு அக்காவைப் பார்க்கப் போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போதும் சிங்காநல்லூரில்தான் மகள் வீட்டில் இருக்கிறார். நாம் அன்றைக்குப் படித்த கதைதான் அக்கா, இந்த அத்தியாயத்தை மட்டும் படித்துப் பாருங்கள் என்று கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி, நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிப் புத்தகத்தின் மேலேயே வைத்தார்.

"இதுக்கு நீ எழுதுனதே தேவல கண்ணு. அதுல குதிரையாச்சும் செத்துது."