ஏப்ரன் பை

என் மாமனார் முப்பத்தொரு வருடமாகப் பேக்கரியில் மாவு பிசைகிறார். வீட்டிலும் ஊரிலும் அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். "மைதா இல்லாம செஞ்சா அது பிஸ்கட்டே இல்ல, கூரை ஓடு" என்பது அவருடைய தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

என்ன வாய் முகூர்த்தமோ, என் ஏழு வயது மகளுக்குக் கோதுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருக்கும் குளூட்டன் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடுமாம். மைதாவும் கோதுமைதானே. தாத்தாவின் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டே அவள் வெறும் பாலைக் குடிப்பாள். மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

"அவ பிறந்தநாளுக்கு அவ சாப்பிடற மாதிரி பிஸ்கட் போடறேன், பாரும்மா" என்றார்.

நான் வீட்டிலிருந்த மைதாவையெல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். பலகை, தட்டு, சல்லடை எல்லாம் புதிதாக வாங்கினோம். மாஸ்டர் மட்டும் பழைய ஆள்தான். பேக்கரியில் கட்டும் ஏப்ரனைக் கட்டாமல் வீட்டிலும் மாவைத் தொட மாட்டார், கௌரவப் பிரச்சினை.

அரிசி மாவு பிஸ்கட்டைக் கடித்தால் மணல். பாதாம் மாவு தட்டு முழுக்கப் பரவி, ஒரே பிஸ்கட்டாக வெளியே வந்தது. கடலை மாவு பச்சை வாசனை அடித்தது. தோற்றதையெல்லாம் தின்று தீர்ப்பது என் வேலை; நான் ஒரு சுற்றுப் பெருத்ததுதான் மிச்சம். "சர்க்கரை சரியா இருக்கா?" என்று கேட்பார். மாவைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

கடைசியில் அரிசி இரண்டு பங்கு, பாதாம் ஒரு பங்கு, பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும் என்று கண்டுபிடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், மைதா பிஸ்கட் தோற்றது. மகள் மூன்று தின்றாள். சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

"பாதாம் மாவுல கலப்படம்" என்று மாஸ்டர் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினார். நான் தடுத்து, என் கண் முன்னால் இன்னொரு முறை செய்யச் சொன்னேன்.

பிசைந்தார், ஊறவிட்டார். உருண்டையைப் பலகையில் வைக்கும் முன் அவர் கை தானாக ஏப்ரன் பைக்குள் போனது. ஒரு சிட்டிகை எடுத்துப் பலகையில் விசிறியது, மாவு ஒட்டாமலிருக்க.

"மாமா, அது என்ன மாவு?"

"எது?"

அவருக்கே தெரியவில்லை. குனிந்து விரலைப் பார்த்தார். பேக்கரி மைதா.

"என் கையாலயே புள்ளைக்கு வெஷம் வச்சிருக்கேனே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. திட்டத்தான் வாயைத் திறந்தேன். "எழுந்திரிங்க மாமா" என்றுதான் வந்தது.

பலகை, தட்டையெல்லாம் மறுபடி புதிதாக வாங்கினோம். பிறந்தநாளன்று குளித்துவிட்டு, என் பழைய புடவைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பிசைந்தார். நடுவில் கை இடுப்புக்குப் போய், பை இல்லாமல் வெறுமனே திரும்பி வந்தது. பிறகு அரிசி மாவை எடுத்துத் தூவினார். மகள் இரண்டு தின்றாள். அதற்குமேல் கொடுக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலை அவள் எழும் முன்பே கட்டில் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணைக் கசக்கினாள்.

"வயிறு வலிக்கல தாத்தா. இன்னொரு பிஸ்கட் குடு."

"பிஸ்கட் இல்ல, ஓடு" என்று மாஸ்டர் திருத்தவில்லை. டப்பாவை எடுக்க ஓடினார்.