சந்தனக் கறை படிந்த டிரான்ஸ்பார்மர்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. வருகிறவர்கள் எடைக்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். அதன் மேலட்டையில், இரண்டு பித்தளைத் திருகுகளுக்கு நடுவே, பழைய சந்தனக் கறை. அது எங்கள் முதலாளி வைத்த பொட்டு.

யுத்த காலத்தில் அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, ராணுவ வயர்லெஸ் பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர்களை அவர் செய்துவந்தார். நான் குன்னத்திலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கி, அங்கே கம்பி சுற்றும் வேலைக்குப் போனேன். அவருக்கு ஈரம் என்றாலே ஆகாது. ஈரம் பட்டால் மின்சாரம் கசிந்துவிடும் என்பார். தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்தால், உலரும்வரை வெயிலில்தான் நிற்க வேண்டும். கம்பியைத் தொடுமுன் கையைத் துணியில் துடைத்தாக வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றும் அக்கா முணுமுணுப்பார்: “ஊருக்கெல்லாம் சண்டை ஜெர்மன்காரனோட. நம்ம மொதலாளிக்கு மட்டும் வேர்வையோட!”

ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள், சரக்கைச் சோதிக்க ராணுவ அதிகாரி ஒருவர் வந்தார். அவர் சரி என்றால்தான் அடுத்த ஆர்டர். இல்லையென்றால் கொட்டகைக்குப் பூட்டு. சோதனைப் பெட்டியின் கைப்பிடியை அவர் சுற்றச் சுற்ற, ஏறவேண்டிய முள் படுத்தே கிடந்தது; மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். எடுத்ததெல்லாம் அப்படியே. கடைசியில் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“சந்தனம்! யார் வச்சது?”

நாங்கள் தலை குனிந்தோம். முதலாளி எங்களைக் கைகாட்டியிருந்தால் மறுத்துப் பேச எங்களுக்கு வாய் ஏது? அவர் முன்னே வந்தார்.

“நாந்தாங்க. பூஜையில எல்லாத்துக்கும் என் கையாலதான் வச்சேன். இவங்க மேல தப்பில்லீங்க.”

அக்காதான் வாயைத் திறந்தார்: “எங்க தலையைக் காய வச்சீங்களே மொதலாளி, சாமி சந்தனத்தைக் காய வச்சீங்களா?” முதலாளியே சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சாயங்கால ரயிலுக்குப் போறேன். அதுக்குள்ள காஞ்சா மறுபடி பாக்குறேன்” என்றார்.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, தகரக் கூரைமேல் சாக்கு விரித்துப் பரப்பினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளியும் ஏணியில் ஏறினார். மேகம் வரும்போதெல்லாம் அண்ணாந்து அண்ணாந்து பார்ப்பார். சாயங்காலம் முள் ஏறியது, ஒன்றைத் தவிர. அது பூஜையில் முதலில் வைத்தது, பெரிய பொட்டு. அட்டைக்குள் ஊறிப்போயிருந்தது.

“இனிமே பொட்டு இதுக்கு மட்டும்தான்” என்று அதைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து கம்பெனி வெளியூருக்குப் போனது. வண்டியில் சாமான் ஏற்றிய அன்று, அதை என் கையில் கொடுத்தார். இன்று அந்தக் கம்பெனி பெரிய கட்டடத்தில் நடக்கிறது, இப்போதும் ராணுவத்துக்குத்தான். முதலாளி இல்லை. அங்கே என்னைத் தெரிந்தவர்களும் இல்லை.

ஆயுத பூஜை வந்தால் அதை இறக்கித் தூசி தட்டுவேன். உலர்ந்த துணியில் கையை நன்றாகத் துடைத்துக்கொள்வேன். அதற்கப்புறம்தான் சந்தனத்தைக் குழைப்பேன்.