பன்னிரண்டு பெட்டிக்கு ஒரே காவல்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பேர் செக்போஸ்ட். வைத்தவன் மின்னல். அவனுக்கு மின்னல் என்று பேர் வைத்தவர் மேனேஜர். எந்த வேலையைக் கொடுத்தாலும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிறானாம். அவன் முடித்ததை மற்றவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்கிறார்களே, அது எந்தக் கணக்கில் சேரும் என்று நான் ஒருமுறை கேட்டேன். நான் அங்கே கையேடு எழுதுகிறவள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. எழுதியவர்களிடம் கேட்டு, வாங்குகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது என் பிழைப்பு. ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் விளக்கியது அந்தக் கூட்டத்தில் செக்போஸ்ட் அக்கா மட்டும்தான்.

அக்கா முதலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். ஒருநாள் யாரோ ஒரு பெரியவரின் வயதுக் கட்டத்தில் அவருடைய சர்க்கரை அளவைத் தட்டிவிட்டாள். முந்நூற்றுப் பத்து வயது. கணினி மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டது. "நான்தான் தூக்கத்துல தட்டிட்டேன், இதுக்கு எங்க போச்சு அறிவு?" என்று வந்த கோபத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து நிரல் படித்தாள். கோபத்தில் படிப்பை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் படித்தவள் இவள் ஒருத்திதான்.

எங்கள் நிறுவனம் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்கு மென்பொருள் செய்தது. ஒரு பண்ணையில் பன்னிரண்டு பொரிப்புப் பெட்டிகள் என்றால், நிரலிலும் ஒரே கிளாஸில், அதாவது ஒரே அச்சில், வார்த்த பன்னிரண்டு பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வெப்பம், ஈரப்பதம், முட்டையைத் திருப்பும் நேரம் என்று பண்புகள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் எழுதிவிடக் கூடாதே என்று, அக்கா டிஸ்கிரிப்டர் என்கிற காவலாளி நிரல் ஒன்று எழுதி ஒவ்வொரு பண்பின் வாசலிலும் நிறுத்தியிருந்தாள். மதிப்பு உள்ளே வரும்போது அது தடுத்துப் பார்க்கும். எண்தானா? இந்த அளவுக்குக் கீழா, மேலா? சரியில்லை என்றால் வந்த வழியே திருப்பி அனுப்பும். எல்லையைப் பண்ணைக்காரர்களே தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பெட்டியைக் கழுவும்போது வெப்பத்தை இருபது வரை இறக்கலாம், அந்த மாதிரி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கையேட்டுக்காக அக்கா எனக்குச் சொன்னது: "காவலாளி கிளாஸுக்கு ஒருத்தன்தான். பன்னிரண்டு பெட்டிக்கும் அவனேதான். அதனால வாங்கினதை அவன் கையில வெச்சுக்கக் கூடாது. எந்தப் பெட்டிக்கு வந்துச்சோ அந்தப் பெட்டிக்குள்ள போட்டுடணும்."

அக்காவின் நிரல் அப்படித்தான் போட்டது. மின்னலுக்கு அது சுற்றிவளைப்பாகத் தெரிந்தது. நான்கு வரியை அழித்து, மதிப்பையும் எல்லையையும் காவலாளியின் கையிலேயே கொடுத்து, அக்காவின் ஒப்புதலுக்கு அனுப்பினான். ஒருவர் மாற்றினால் இன்னொருவர் அப்ரூவ் செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. அக்கா திருப்பி அனுப்பினாள். அவன் மறுபடி அனுப்பினான். அவள் மறுபடி திருப்பினாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று அவனுக்குத் தெரியும்.

மேனேஜர் கூட்டம் கூட்டினார். அவர் அக்காவைவிட எட்டு வயது இளையவர். பேச்சில் மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது. ஊசியை எண்ணெயில் நனைத்துத்தான் குத்துவார்.

"மேடம், எந்த வேலை எங்க நிக்குதுன்னு பார்த்தா உங்க மேஜையிலதான் நிக்குது. இந்த மாசம் ரெண்டு பேரைக் குறைக்கச் சொல்லி மேலேர்ந்து கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது எல்லோருக்கும் தெரியும். ஸ்டூடியோ வைத்து ஊரையெல்லாம் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்த மனுஷர். இப்போது வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். அது நடப்பதே எங்கள் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில். அக்காவின் வேலை போனால் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் எந்திரமும் போய்விடும். மேனேஜருக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

அக்கா மின்னலைப் பார்த்துக் கேட்டாள். "ரெண்டு பெட்டி வெச்சு ஓட்டிப் பார்த்தியாப்பா?"

"பார்த்தாச்சுக்கா. ரெண்டுலயும் கரெக்டா காட்டுது."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு பெட்டியை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறான். இரண்டுக்கும் முப்பத்தேழரை என்று ஒரே வெப்பத்தைக் கொடுத்திருக்கிறான். காவலாளியின் கையில் இருந்தது ஒரே எண். யார் கேட்டாலும் அதையே காட்டியது, அது சரியாகவும் இருந்தது. வேறு வேறு எண் கொடுத்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். என்ன எண் கொடுத்தாய் என்று அக்கா கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் இன்னொரு கேள்வி கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து அப்ரூவ் செய்தாள். யாரோ கைதட்டினார்கள்.

மின்னலின் நிரல் போய்ச் சேர்ந்த ஒரு பண்ணையில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், காலியான ஒரு பெட்டியைக் கழுவுவதற்காக வெப்பத்தை இருபதுக்கு இறக்கிவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். ஒன்றுக்குக் கொடுத்த இருபது பன்னிரண்டுக்கும் ஆனது. அபாய மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கும்? கழுவுவதற்காகத் தளர்த்திய எல்லையும் அதே காவலாளி கையில்தான் இருந்தது. அவன் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை கதவைத் திறந்தவர்களுக்குக் கீச்சென்று ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லையாம்.

மன்னிப்புக் கேட்க மேனேஜர் அக்காவை அழைத்துப் போனார். மின்னலும் வந்தான், ஆனால் போன் வந்தது என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். கையேட்டைத் திருத்த வேண்டியிருக்கும் என்று என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். அதனால் நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"இவங்கதான் பார்த்து பாஸ் பண்ணினவங்க" என்றார் மேனேஜர். யார் மாற்றியது என்பதைச் சொல்லவில்லை. அக்கா வாயைத் திறந்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டாள்.

பண்ணைக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. ஒரு தட்டு முட்டையை எடுத்து அக்கா முன்னால் வைத்தார்.

"உடைங்க."

"சார்..."

"பாஸ் பண்ணினப்போ பார்க்கலை இல்ல? இப்போ ஒவ்வொண்ணா உடைச்சுப் பாருங்கம்மா."

அக்கா உடைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பொரிந்திருக்க வேண்டிய முட்டைகள். உள்ளே முழுக் குஞ்சு, ஈர இறகோடு. சில ஓட்டைக் கொத்தி அலகை வெளியே நீட்டியிருந்தன. அதோடு விறைத்துப்போயிருந்தன. பாதித் தட்டில் அக்கா நிறுத்தினாள். "ம்" என்றார் பண்ணைக்காரர். மேனேஜர் ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தார். தடுக்கப் போன என்னை அக்காவே தலையாட்டி நிறுத்தினாள். தட்டு முடியும்வரை உடைத்தாள். அந்தப் பண்ணைக்காரருக்கு நஷ்டம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மனுஷர் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.

துரத்தினார்கள் என்று சொல்லக் கூடாது, ராஜினாமா என்றுதான் சொல்ல வேண்டும். எழுதித் தயாராக வைத்திருந்ததில் அக்கா கையெழுத்துப் போட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடுத்த வாரம் அழித்த நான்கு வரியும் பழைய இடத்துக்கு வந்தன. விரைந்து சரிசெய்ததற்காக மின்னலைப் பாராட்டினார்கள்.

மாதக் கடைசியோடு காப்பீடு நின்றது. அரசு மருத்துவமனையில் எந்திரம் குறைவு, வரிசை நீளம். முறை சில வாரம் வந்தது, சில வாரம் வரவில்லை. நான் பார்க்கப் போனபோது வீட்டுக்காரருக்கு முகமும் காலும் வீங்கி, மோதிரத்தை அறுத்து எடுத்திருந்தார்கள். அவர் என்னிடம் பேசவில்லை. அடுப்படியில் நின்றவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஊரான் முட்டைக்கெல்லாம் காவல் போட்டே. உன் புருஷன் உசிரை மட்டும் திறந்து விட்டுட்டே, இல்ல?"

அக்கா அவருக்கு அளந்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். நோயாளி என்றுகூடப் பார்க்காமல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் படியேறாத நிறுவனம் இல்லை. ஐம்பதைத் தொடப்போகிறவளை எவன் கூப்பிடுவான்?

கடைசியில் ஒரு நிறுவனத்தில் கூப்பிட்டார்கள். நேர்காணல் முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து எனக்கு போன் செய்தாள்.

"மூணு பேர் உக்காந்திருந்தாங்க. திரையில ஒரு நிரலைக் காட்டி என்ன தப்புன்னு கேட்டாங்க. அதே நிரல்டி. காவலாளி கையிலயே மதிப்பு. கேள்வி முடியறதுக்குள்ள சொல்லிட்டேன்."

"நீங்க யார்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சாக்கா?"

"இல்ல. அது இப்போ எல்லா நேர்காணல்லயும் கேக்கற கேள்வியாம். எங்கயோ ஒரு வாத்துப் பண்ணையில நடந்துச்சாம், வெளிநாடாம். ஒருத்தி கண்ணை மூடிக்கிட்டு அப்ரூவ் பண்ணி அத்தனை வாத்தையும் கொன்னுட்டாளாம். கேள்வி கேட்டவங்கள்ல ஒரு அம்மா அதை நடிச்சே காட்டினாங்க. மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா நல்லாருக்குமா?"

பின்னால் ஒரு பேருந்து வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. அவள் ஏறவில்லை.

"அப்புறம், உங்க டீம்ல அப்படி ஒருத்தி இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க."

"என்னக்கா சொன்னீங்க?"

"அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொன்னேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. புருஷனுக்கும் சேர்த்துக் காப்பீடு உண்டான்னு கேட்டேன். சேர்ற நாள்லேர்ந்தே உண்டுன்னாங்க."