மாமா வீட்டு ஆன்டெனா

மோட்டார் காயில் கட்டும் கடையைத் தாண்டும்போது வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறியது. உடனே கடலோர உச்சிப்புளியில் பத்தாவது படித்த பெண்ணாகிவிட்டேன்.

தெருவில் மாமா வீட்டில்தான் டிவி. இலங்கை நிகழ்ச்சிகள் பளிச்சென்று வரும். வெளியே நின்று பார்த்த அம்மாவின் விரல்கள் ஜன்னல் சட்டத்தில் இருப்பது தெரிந்தே, அவள் கூடப்பிறந்த அண்ணனான மாமா கதவை அறைந்து சாத்தினார். இரண்டு நகங்கள் பெயர்ந்தன.

டெஸ்லா காயில் என்ற மின்சுருளில் பொறி பறந்தால் பக்கத்து டிவியில் படம் சிதறும் என்று படித்திருந்தேன். என்னைப் பெற்ற அய்யா மோட்டார் காயில் கட்டுபவர். கம்பிக்கும் பழைய டிரான்ஸ்பார்மருக்கும் பஞ்சமில்லை. அடியில் தடித்த கம்பியைச் சில சுற்று சுற்றினேன். நடுவில் நிறுத்திய ஒரு குழாயில் மெல்லிய கம்பியை நூற்றுக்கணக்கில் சுற்றினேன். கம்பிமேல் கம்பி ஏறிவிட்டதால் பொறி உள்ளேயே வெடித்து எல்லாம் கருகியது. நான் விடவில்லை. புதுக்கம்பியை ஒரே அடுக்காக, ஒட்டி ஒட்டிச் சுற்றி, உப்புக்காற்று புகாமல் வார்னிஷ் பூசினேன்.

ஞாயிறு மதியம் படம் ஆரம்பித்ததும் சுவிட்சைப் போட்டேன். மாமா கொதிக்கும் மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார். அணைத்தேன், படம் வந்தது. அவர் இறங்கியதும் மறுபடி போட்டேன். மறுபடி ஏறினார்.

கட்டுப்போட்ட கையோடு அம்மா வாசலில் நின்று கத்தினாள்: “அண்ணே, இன்னுங் கொஞ்சம் இலங்கைப் பக்கமாத் திருப்புங்க!”

பிறகு என் பக்கம் திரும்பி, “அணைச்சுறாத ஆத்தா” என்றாள் மெதுவாக.

மாமா செத்து வெகுகாலமாகிறது. அந்த வாசத்தில் என் விரல் இன்னும் சுவிட்சைத் தேடுகிறது.