கராஜில் செய்த ஸ்கீ

வெஸ்ட்மீட்டில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நுழைந்து வெகு காலமாகிவிட்டது. அங்கே என் கணவர் ஸ்கீ செய்துகொண்டிருந்தார். பனிமலையில் சறுக்குவதற்குக் காலில் மாட்டும் நீட்டுப் பலகைதான். பகலில் மனிதர் கட்டடப் பொறியியலாளர். வேலையால் வந்ததும் மரத்தை இழைப்பார், பிசின் பூசுவார், தானே செய்த அழுத்துக் கருவிக்குள் வைத்து இறுக்குவார். வீடு முழுக்கப் பிசின் நாற்றம். பலகையின் மேலே அலங்காரத்துக்கு என் பட்டுச்சேலை ஒன்றை ஒட்டலாமோ என்று ஒருநாள் கேட்டார். நான் பார்த்த பார்வையில் திரும்பிக் கராஜுக்குள் போய்விட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கவேயில்லை. கோயிலில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, “பிள்ளை, அவருக்கு வேலை போட்டுதோ?” என்று கேட்டார். வேலை இருக்கிறது, மூளைதான் போய்விட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது.

சறுக்குகிறவர்களின் நாக்கு அதைவிட மோசம். இணையத்தில் அவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று உண்டு. சின்னப் பட்டறைக்காரர்களைப் பிடித்துக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். பார்க்க வடிவு, இரண்டு தரம் சறுக்கினால் பிளந்துவிடும் என்பார் ஒருவர். பெரிய கம்பனி ஸ்கீ எல்லாம் செத்த சாமான், கையால் செய்ததில்தான் உயிர் இருக்கிறது என்று இன்னொருவர் பாய்வார். இதையெல்லாம் இவர் சாப்பாட்டு மேசையில் எனக்கு வாசித்துக் காட்டுவார். சோறு ஆறிப்போகும்.

அந்தக் கூட்டமே ஒரு பெண்மணியின் சொல்லுக்கு அடங்கும். மலையில் சறுக்கப் பழக்குபவர். முகத்துக்காக ஒரு சொல் புகழமாட்டார். தன் முதல் சோடியை ஓட்டிப் பார்க்கமுடியுமா என்று இவர் கேட்டார். கொண்டுவா என்றார்.

“இஞ்சேரும், அவ கூடாது எண்டு சொன்னா, எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சுபோட்டுச் சும்மா இருப்பன்,” என்றார் என்னிடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலையிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிற மனிதர் அந்தக் கராஜுக்குள்தான் விசிலடிப்பார். அந்த விசில் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

முதல்நாளே போய்த் தங்கி, காலையில் மலைக்கு ஏறினோம். பெண்மணி ஸ்கீயை வளைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு மேலே போனார். இறங்கி வந்தாரே ஒரு வேகம்! ஆஸ்பத்திரி வார்டில் நான் மருந்து வண்டி தள்ளுவதுகூட அதைவிட வேகம்.

“பிரேக்கை அழுத்திக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஸ்கீயைக் கழற்றினார். என் கணவரின் முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் பனியில் சிவப்பாக ஒரு கோடு கண்டேன். ஐயோ, இரத்தம்! நான் தாதியல்லவா, பாய்ந்துபோய்ப் பெண்மணியின் காலைப் பிடித்தேன். அவரும் பயந்து தன் காலைத் தானே தடவினார். காயமில்லை. ஸ்கீயைப் புரட்டினேன். அடிப்பக்கம் நீளத்துக்கும் சந்தனம், அதன்மேல் வரிசையாகக் குங்குமப் பொட்டு. புதுக் காருக்கு வைப்போமே, அதேதான். என் காருக்குப் பூசை செய்தபோது, “எஞ்சின் பெற்றோலிலை ஓடும், பொட்டிலை ஓடாது” என்று நக்கலடித்தவர் இந்த மனிதர்!

“ஆர் வைச்சது?”

“நான்தான். அடியிலை வைச்சா ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சன். அழியக்கூடாது எண்டு மெழுகை உருக்கி மேலாலை தேய்ச்சனான்.”

வழுக்குவதற்குப் பூசும் மெழுகுக்குள் சந்தனத்தைப் புதைத்திருக்கிறார், பிறகு எப்படி வழுக்கும்? படித்த மனிதர்!

“அவவிட்டைச் சொல்லுங்கோ.”

“சும்மா இரும், மானம் போகும்.”

“அப்ப ஸ்கீ கூடாதெண்டு ஊருக்கெல்லாம் எழுதட்டும், என்ன?”

“எழுதட்டும்.”

எனக்கு வந்ததே ஒரு கோபம்! சாமி கும்பிட்டதைச் சொல்ல வெட்கப்பட்டு, இவ்வளவு பாடுபட்டதைக் குப்பையில் போடுகிறாரே! நாலு வார்த்தை கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் தலையைக் குனிந்துகொண்டு பெண்மணியிடம் போய்விட்டார்.

“புதிதாக ஒன்று ஓடத் தொடங்கினால் நாங்கள் இப்படிப் பொட்டு வைப்போம்,” என்றார். பொட்டைத் தொட்டுக் காட்டினார். “நான் செய்தது உடைந்து உங்களுக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று இரவெல்லாம் பயமாக இருந்தது.”

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பெண்மணி தன் வாகனத்திலிருந்து சுரண்டியும் மெழுகும் எடுத்துவந்து, அடியைச் சுத்தமாக வழித்து, புதிதாகத் தேய்த்துக்கொண்டு மறுபடி மேலே போனார். இவர் என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொந்தது.

இந்தமுறை உச்சியில் ஒரு புள்ளி தெரிந்தது. கண்ணை வெட்டுவதற்குள் பனியை வாரியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

“நிக்காமல் போறாவே,” என்றார் இவர். “கூடாதோ?”

பெண்மணி எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்கீயைக் கழற்றாமலே, மலைக்கு மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட் வரிசையில் போய் நின்றார்.

“இஞ்சாருங்கோ, அவ திரும்பவும் ஏறுறா,” என்றேன்.

மனிதர் பனியிலேயே குந்தியிருந்து அழத் தொடங்கினார்.